கல்லில் மோதிய கலப்பை

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

கலப்பை என்றதும் நமக்கு உழவுதான் நினைவுக்கு வரும். மண்ணைப் புரட்டுவது, கட்டியை உடைப்பது, விதைப்புக்குத் தயார் செய்வது. ஆனால் கலப்பைக்கு இன்னொரு வேலையும் உண்டு: பள்ளம் எடுப்பது. டிராக்டருக்குப் பின்னால் பார் கலப்பையை மாட்டி, கரும்பு நடுவதற்கு ஓரடி ஆழத்துக்குள் நீளநீளமாகப் பள்ளம் இழுப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதே கலப்பையை வைத்து வயலோரம் மழைநீர் வடிய ஓடை இழுப்பவர்களும் உண்டு, தோட்டத்துக்குக் குழாய் பதிக்கக் கோடு போடுபவர்களும் உண்டு. நாலு ஆள் மண்வெட்டி பிடித்து நாள் முழுக்கச் செய்யும் வேலை அரை மணியில் முடிந்துவிடும். பிறகு ஒருவர் இறங்கி, அடியில் சரிந்து கிடக்கும் மண்ணை மட்டும் வாரிவிட்டால் போதும்.

இந்த எளிய காரியத்துக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. தந்தி வந்ததும் இதில் இருக்கிறது, அயர்லாந்தின் பஞ்சம் இருக்கிறது, ஒரு பல்கலைக்கழகம் பிறந்ததும் இருக்கிறது. வேண்டுமென்றே கல்லில் மோதி உடைக்கப்பட்ட ஒரு கலப்பையும் இருக்கிறது. அந்தக் கலப்பையின் கதையைச் சொல்லத்தான் இன்று எழுதுகிறேன்.

பள்ளிப் பாடநூலில் தந்தியைப் பற்றி ஒரு வரி வரும். தந்தியைக் கண்டுபிடித்தவர் சாமுவேல் மோர்ஸ். மாணவர்கள் மனப்பாடம் செய்வார்கள், ஒரு மதிப்பெண் வாங்குவார்கள். அந்த ஒரு வரிக்குள் எத்தனை பேர் ஒளிந்திருக்கிறார்கள் என்பதைப் பாடநூல் சொல்லாது. அதில் முக்கியமான ஒருவர் விஞ்ஞானி அல்ல, பேராசிரியரும் அல்ல. கலப்பை விற்றுக்கொண்டிருந்தவர். பெயர் எஸ்ரா கார்னெல்.

கார்னெல் 1807-இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். அப்பா மட்பாண்டம் செய்பவர். பள்ளிப் படிப்பு கொஞ்சம்தான். தச்சு வேலை கற்றுக்கொண்டு, 1828-இல் இத்தாக்கா என்ற சிற்றூருக்கு வந்து, ஒரு ஆலையில் இயந்திர வேலை பார்த்தார். ஆலைக்குத் தண்ணீர் கொண்டுவரப் பாறையைக் குடைந்து சுரங்கம் அமைத்ததும் அவர்தான். 1837-இல் அமெரிக்காவில் பெரும் பொருளாதார நெருக்கடி வந்தது. வங்கிகள் சாய்ந்தன, தொழில்கள் முடங்கின. சில ஆண்டுகளில் அவருக்கும் வேலை போனது. மனைவி, பிள்ளைகள், கடன். அந்த நிலையில் புதுவகைக் கலப்பை ஒன்றின் காப்புரிமையை மெய்ன், ஜார்ஜியா ஆகிய இரு மாநிலங்களுக்கு மட்டும் விலைக்கு வாங்கி, ஊர் ஊராகப் போய் விற்கக் கிளம்பினார். வண்டிக்குக் காசு மிச்சம் பிடிக்கப் பெரும்பாலும் நடந்தே போனார். வியாபாரம் சரியாக ஓடவில்லை.

இதே நேரத்தில் மோர்ஸ் வேறொரு போராட்டத்தில் இருந்தார். தந்தியைச் சோதித்துப் பார்க்க அரசுப் பணம் கேட்டு ஆண்டுக்கணக்கில் அலைந்தார். கடைசியில் 1843 பிப்ரவரியில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 89, எதிர்ப்பு 83. ஆறே வாக்கு வித்தியாசம். மார்ச் மாதம் 30,000 டாலர் ஒதுக்கப்பட்டது. வாஷிங்டனிலிருந்து பால்டிமோர் வரை சுமார் 40 மைலுக்கு, ரயில் பாதை ஓரமாகத் தந்திக் கம்பி போட வேண்டும்.

இன்று தந்திக் கம்பி என்றால் கம்பமும் அதன் மேல் கம்பியும்தான் நம் கண்ணில் நிற்கும். மோர்ஸின் முதல் திட்டம் அதுவல்ல. கம்பிகளை ஈயக் குழாய்க்குள் வைத்து, மண்ணுக்குள் புதைக்க வேண்டும் என்பதுதான் திட்டம். வெளியே தெரிந்தால் யாராவது அறுத்துவிடுவார்கள், காற்றும் மழையும் கெடுத்துவிடும் என்ற பயம். ஆக, 40 மைல் நீளத்துக்கு ஆழம் குறைந்த பள்ளம் தோண்டியாக வேண்டும்.

பள்ளம் தோண்டும் பொறுப்பு எஃப்.ஓ.ஜே. ஸ்மித் என்பவரிடம் இருந்தது. இவர் மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த வழக்கறிஞர், முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர். ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். தந்தித் திட்டம் முதன்முதலில் சபையின் வர்த்தகக் குழுவின் முன் வந்தபோது அந்தக் குழுவின் தலைவரே இவர்தான். தலைவராக இருந்துகொண்டே மோர்ஸின் தொழிலில் பங்குதாரராகவும் சேர்ந்துகொண்டார். அரசுப் பணத்தைப் பரிந்துரை செய்யும் கையும் அதில் பங்கு வாங்கும் கையும் ஒன்றே. இது நமக்குப் புதிய செய்தி இல்லை. எல்லாக் காலத்திலும் எல்லா நாட்டிலும் நடப்பதுதான்.

40 மைலுக்கு மண்வெட்டியால் தோண்டினால் செலவு கட்டுப்படியாகாது. எனவே இயந்திரம் வேண்டும் என்று ஸ்மித் யோசித்தார். 1843-இல் கலப்பை விற்பனைக்காக மெய்ன் மாநிலத்துக்கு வந்த கார்னெல், ஏற்கெனவே பழக்கமான ஸ்மித்தைப் பார்க்கப் போனார். ஸ்மித் மனதில் இரண்டு இயந்திரங்கள் இருந்தன. ஒன்று பள்ளம் தோண்டி மண்ணை இருபுறமும் ஒதுக்க வேண்டும். குழாயைப் போட்ட பிறகு இன்னொன்று வந்து அந்த மண்ணை உள்ளே தள்ளி மூட வேண்டும்.

கார்னெல் கேட்ட கேள்வி ஒரு விவசாயி கேட்கும் கேள்வி: மண்ணை எதற்கு வெளியே எடுக்க வேண்டும்?

இந்தக் கேள்விதான் இந்தப் பதிவின் மையம். பள்ளம் என்றால் மண்ணை அள்ளி வெளியே போடுவது என்று நாம் நினைக்கிறோம். ஆனால் நமக்கு வேண்டியது பள்ளம் அல்ல. குழாய் உள்ளே போக வேண்டும், அவ்வளவுதான். மெல்லிய, உறுதியான ஒரு கத்தியால் மண்ணைக் கீறினால் போதும். கத்திக்குப் பின்னாலேயே குழாய் கீழே இறங்கிப் படுத்துக்கொள்ளும். கத்தி நகர்ந்ததும் மண் தானாகச் சரிந்து மூடிக்கொள்ளும். தோண்டுவது, பதிப்பது, மூடுவது மூன்றும் ஒரே ஓட்டத்தில் முடியும். இரண்டாவது இயந்திரமே தேவையில்லை.

கார்னெல் வரைந்து காட்டினார். பிறகு தானே செய்தும் காட்டினார். சுமார் இரண்டரை அடி ஆழத்துக்குப் போகும் கத்தி, மேலே குழாய்ச் சுருள். 1843 ஆகஸ்டில் ஸ்மித்தின் பண்ணையில், மோர்ஸ் நேரில் பார்க்க, எருதுகளைப் பூட்டி இழுத்துக் காட்டினார்கள். வேலை செய்தது. குழாயைப் பதிக்கும் பொறுப்பை மோர்ஸ் கார்னெலிடமே கொடுத்தார். ஆண்டுக்கு 1,000 டாலர் சம்பளம். கலப்பை விற்கப் போனவர் கலப்பையாலேயே தந்தி வேலைக்குள் வந்துவிட்டார்.

அக்டோபர் 21 அன்று பால்டிமோரில் வேலை தொடங்கியது. கோவேறு கழுதைகள் இழுக்க, கலப்பை ரயில் பாதை ஓரமாக மண்ணைக் கீறிக்கொண்டே போனது, குழாய் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. மண்வெட்டியோடு ஒப்பிட்டால் பெரிய வேகம்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. குழாய்க்குள் இருந்தவை பருத்தி நூல் சுற்றி அரக்குப் பூசிய செப்புக் கம்பிகள். அவற்றைச் சுற்றி ஈயக் குழாய் உருவாக்கப்பட்டது. ஈயம் சூடாக இருந்ததால் உள்ளே இருந்த நூலும் அரக்கும் கருகிவிட்டன. உறை போன கம்பிகள் ஒன்றோடொன்று உரசின, ஈயத்தையும் தொட்டன. மின்சாரம் ஒரு முனையில் நுழைந்தால் மறு முனைக்கு வராது, வழியிலேயே கசிந்துவிடும். இதைத் தயாரிப்பு நிலையிலேயே சோதித்துப் பார்க்க வேண்டிய உதவியாளர் சரியாகச் சோதிக்கவில்லை. டிசம்பரில் விஷயம் முழுதாகத் தெரிந்தபோது பத்து மைலுக்குக் கிட்டத்தட்ட குழாய் மண்ணுக்குள் போயிருந்தது. 30,000 டாலரில் சுமார் 23,000 டாலர் செலவாகியிருந்தது. கையில் மிஞ்சியது ஏழாயிரம் சொச்சம்.

இந்த இடத்தில்தான் அந்தச் சம்பவம் நடந்தது. மோர்ஸ் வேலை நடக்கும் இடத்துக்கு வந்து கார்னெலைத் தனியாக அழைத்தார். வேலையைக் கொஞ்ச நாள் நிறுத்த வேண்டும், ஆனால் வேண்டுமென்றே நிறுத்தினோம் என்பது பத்திரிகைகளுக்குத் தெரியக் கூடாது, வழி இருக்கிறதா என்று கேட்டார். கார்னெலுக்குப் புரிந்துவிட்டது. திரும்பிப் போனார். கழுதைகளை விரட்டச் சொன்னார். கலப்பைக் கைப்பிடியைப் பிடித்து, முன்னால் தெரிந்த பாறை முனையை நோக்கித் திருப்பினார். கலப்பை மோதிச் சிதறியது. தான் கனவு கண்டு உருவாக்கிய கருவியைத் தன் கையாலேயே உடைத்தார். மறுநாள் பத்திரிகைகள் அதை விபத்து என்றே எழுதின. கார்னெல் பிற்காலத்தில் தானே சொன்ன கதை இது.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? கெட்டிக்காரத்தனம் என்று மெச்சுபவர்கள் உண்டு. அந்த ஒரு நொடி தாமதித்திருந்தால் தந்தியே வந்திருக்காது என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. செலவானது மக்கள் பணம். ஆறே வாக்கில் தப்பிப் பிழைத்த திட்டம். பணம் கொடுத்தவர்களுக்கு உண்மை தெரிய வேண்டியது நியாயம். நல்ல நோக்கத்துக்காகச் சொன்னாலும் பொய் பொய்தான். ஆனால் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பொய் திட்டத்தைக் காப்பாற்றவில்லை. கொஞ்சம் கால அவகாசம் மட்டும் வாங்கிக் கொடுத்தது. காப்பாற்றியது அதன் பிறகு கார்னெல் செய்த காரியம்.

என்ன செய்தார்? நூலகத்துக்குப் போனார்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் வாஷிங்டனில் உட்கார்ந்து மின்சாரத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தார். பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காத, முப்பத்தாறு வயதுக்காரர். அப்போது ஒரு செய்தி கண்ணில் பட்டது. இங்கிலாந்தில் குக், வீட்ஸ்டன் இருவரும் ரயில் பாதை ஓரமாகத் தந்தி அமைத்திருந்தார்கள். அவர்களும் முதலில் கம்பியைக் குழாய்க்குள் வைத்துத்தான் பார்த்தார்கள். உறை கெட்டுப்போய், 1843-இல் பாதையை நீட்டித்தபோது கம்பத்தின் மேல் கம்பி கட்டும் முறைக்கு மாறிவிட்டார்கள். விடை ஏற்கெனவே அச்சில் இருந்தது. பத்து மைல் தோண்டுவதற்கு முன் அதைப் படித்தவர் யாரும் அந்தக் குழுவில் இல்லை, அல்லது படித்தும் பொருட்படுத்தவில்லை.

1844 தொடக்கத்தில் மோர்ஸ் குழு கம்பத்துக்கு மாறியது. 700 கம்பங்கள் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தார்கள். புதைந்த குழாய்களில் இருந்த செப்புக் கம்பியைக்கூட வீணாக்காமல் உருவி எடுத்து, புதிதாக உறையிட ஒரு கருவி செய்தார் கார்னெல். கம்பத்தில் கம்பியைத் தாங்கக் கண்ணாடித் துண்டுகளை வைக்கலாம் என்ற யோசனையும் அவருடையது. 1844 மே 24 அன்று வாஷிங்டனில் உச்ச நீதிமன்ற அறையிலிருந்து ஒரு விவிலிய வரி பால்டிமோருக்குப் போய்ச் சேர்ந்தது. பாடநூல் இந்த நாளிலிருந்துதான் கதையைத் தொடங்கும்.

ஸ்மித் கதையையும் முடித்துவிடுகிறேன். பள்ளம் தோண்டும் ஒப்பந்தப் பணத்தில் அவருக்கும் மோர்ஸுக்கும் மூண்ட சண்டை கடைசிவரை ஓயவே இல்லை.

சரி, மண்ணைக் கீறிக் குழாய் பதிக்கும் கலப்பை யோசனை தவறா? இல்லவே இல்லை. கலப்பை தன் வேலையைச் சரியாகச் செய்தது. தவறு அது புதைத்த பொருளில் இருந்தது. இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்லலாம். மண்வெட்டியால் தோண்டியிருந்தால் டிசம்பருக்குள் பத்து மைல் போயிருக்காது. வெகு குறைந்த தூரத்திலேயே குறை தெரிய வந்திருக்கக்கூடும், நஷ்டமும் குறைவாக இருந்திருக்கும். வேகமான கருவி நம் உழைப்பைப் பல மடங்கு ஆக்குவது போலவே நம் தவறையும் பல மடங்கு ஆக்கிவிடும். கலப்பை குற்றவாளி அல்ல. ஆனால் அது யோசிப்பதற்கு நேரம் கொடுக்கவில்லை.

இப்போது அட்லாண்டிக்கைத் தாண்டி அயர்லாந்துக்குப் போவோம். 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. சில ஆண்டுகளில் சுமார் பத்து லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் மடிந்தார்கள். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினார்கள். ஜான் ஃபவுலர் என்ற ஆங்கிலேய இளைஞர் 1849-இல் அயர்லாந்துக்குப் போனார். அப்போது அவருக்கு 23 வயது. பஞ்சத்தைப் பார்த்த அவருக்கு ஒன்று தோன்றியது. ஈரம் வடியாமல் சதுப்பாகக் கிடக்கும் நிலத்தை வடித்துக் கொடுத்தால் இன்னும் எவ்வளவோ விளைய வைக்கலாமே. பஞ்சத்துக்குக் காரணம் வடிகால் இல்லாதது மட்டும் அல்ல. பயிர் நோயும், நில உடைமையும், அரசின் போக்கும் சேர்ந்து செய்த கொடுமை அது. ஆனால் அந்த இளைஞர் தன்னால் ஆனதைச் செய்ய முனைந்தார்.

அவர் கையில் எடுத்தது அகழெலிக் கலப்பை. இது அவருக்கு முன்பே இங்கிலாந்தில் இருந்த கருவி. செங்குத்தான ஒரு கத்தி, அதன் அடி நுனியில் துப்பாக்கிக் குண்டு போன்ற கூம்பு இரும்பு. இழுத்துக்கொண்டு போனால் மேலே மெல்லிய கீறல் மட்டும் தெரியும். அடியிலோ களிமண்ணை அழுத்தி ஒதுக்கி, அகழெலி வளை போட்டது போல ஒரு துளை நீளமாக ஓடும். கத்தி போன வழியில் மண்ணில் விழும் வெடிப்புகள் வழியாக மழைநீர் இறங்கி, அந்தத் துளையில் சேர்ந்து, வயலோர ஓடையில் போய் விழும். நல்ல களிமண்ணாக இருந்தால் அந்தத் துளை பல ஆண்டுகள் நிற்கும். மணல் கலந்திருந்தால் சீக்கிரம் இடிந்துவிடும்.

ஃபவுலர் செய்த மாற்றம் என்ன தெரியுமா? அந்தக் கூம்புக்குப் பின்னால் கயிற்றில் மணி கோத்தது போலக் குழாய்த் துண்டுகளைக் கோத்து இழுத்தார். துளை விழ விழக் குழாயும் உள்ளே போனது. கலப்பையை நேரடியாகக் குதிரைகள் இழுக்காமல், வயலின் ஓரத்தில் குதிரைகள் சுற்றிவந்து உருளையில் கயிற்றைச் சுருட்ட, கயிறு கலப்பையை இழுத்தது. 1851-இல் லண்டன் ஹைட் பூங்காவில் நடந்த உலகப் பெரும் கண்காட்சியில் இது வைக்கப்பட்டது. பிறகு குதிரைக்குப் பதில் நீராவி எந்திரம் வந்தது. 1858-இல் நீராவி உழவுக்காக அரச வேளாண் சங்கத்தின் 500 பவுன் பரிசை ஃபவுலர் பெற்றார். 1864-இல், 38 வயதில் இறந்துபோனார்.

இங்கே கவனியுங்கள். எந்திரத்தால் உழும் முயற்சியில் முன்னோடியான இந்த மனிதர் தொடங்கியது சாதாரண உழவிலிருந்து அல்ல. மண்ணுக்குள் குழாய் பதிக்கும் கலப்பையிலிருந்து. ஆழமாகக் கீறுவதற்குத்தான் அதிக இழுவிசை வேண்டும். அங்கே மாடும் குதிரையும் திணறியபோதுதான் நீராவியின் தேவை உறைத்தது.

அடுத்த கட்டம் டிராக்டர். இதிலும் ஒரு அயர்லாந்துக்காரர் வருகிறார். ஹாரி ஃபெர்குசன், 1884-இல் அங்கே விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். முதல் உலகப்போர் காலத்தில், 1917-இல், அயர்லாந்தில் டிராக்டர் உழவை மேம்படுத்தும் பணி அவருக்குக் கிடைத்தது. அன்றைய டிராக்டர்கள் கலப்பையை வண்டி போலப் பின்னால் இழுத்துச் சென்றன. கலப்பை பாறையிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், முன்பக்கம் அப்படியே மேலே எழும்பி, டிராக்டர் மல்லாந்து ஓட்டுநர் மேல் விழும். அப்படி உயிர்விட்டவர்கள் பலர்.

ஃபெர்குசன் கலப்பையை டிராக்டரின் ஓர் உறுப்பாகவே ஆக்கினார். கீழே இரண்டு கைகள், மேலே ஒரு கை, ஆக மூன்று இடத்தில் இணைப்பு. தூக்கவும் இறக்கவும் எண்ணெய் அழுத்தம். மண் கடினமாகிக் கலப்பை அதிகம் இழுபட்டால் மேல் கை அழுத்தப்படும். அந்த அழுத்தமே எண்ணெய் வழியைத் திறந்து கலப்பையைக் கொஞ்சம் உயர்த்திவிடும். கலப்பையின் பாரம் பின் சக்கரங்களில் இறங்குவதால் பிடிமானம் கூடும். கல்லில் மாட்டினால் மேல் கை முன்பக்கத்தைத் தரையோடு அழுத்துமே தவிர, எழும்ப விடாது. இந்த ஏற்பாட்டோடு 1936-இல் அவருடைய டிராக்டர் விற்பனைக்கு வந்தது. 1939-இல் ஹென்றி ஃபோர்டோடு சேர்ந்து அமெரிக்காவில் வெளியிட்டார். இன்று உலகம் முழுவதும் டிராக்டரின் பின்னால் நாம் பார்ப்பது இந்த மூன்று புள்ளி இணைப்பைத்தான்.

நம் ஊருக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. ஃபெர்குசனின் நிறுவனம் 1953-இல் மாசே ஹாரிஸ் நிறுவனத்தோடு இணைந்து, பின்னர் மாசே ஃபெர்குசன் ஆனது. அந்த நிறுவனத்தின் கூட்டுறவோடு 1960-இல் சென்னையில் தொடங்கப்பட்டதுதான் டாஃபே. நம் வயல்களில் ஓடும் சிவப்பு வண்டிகளில் பலவற்றின் பூர்வீகம் இதுதான்.

மூன்று புள்ளி இணைப்பு வந்ததால்தான் ஒரே டிராக்டரில் காலையில் சட்டிக் கலப்பை, மத்தியானம் உளிக் கலப்பை, சாயங்காலம் பார் கலப்பை என்று மாற்றி மாட்ட முடிகிறது. ஆழம் குறைந்த பள்ளம் எடுக்கத் தனி இயந்திரம் தேவையில்லாமல் போனது அதனால்தான். முறை தெரிந்தவர்கள் எடுத்த எடுப்பில் ஆழமாக இறக்க மாட்டார்கள். முதலில் உளிக் கலப்பையால் கீறி மண்ணை இளக்குவார்கள். பிறகு பார் கலப்பையை அதே தடத்தில் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி ஓட்டுவார்கள். மண் காய்ந்து இறுகியிருந்தால் கொழு இறங்காது. சேறாக இருந்தால் பக்கவாட்டு மண் சரிந்து மூடிவிடும். இரண்டுக்கும் நடுப்பட்ட பதம் வேண்டும். அந்தப் பதம் காலடி வைத்தாலே விவசாயிக்குத் தெரிந்துவிடும்.

பள்ளம் எடுக்கும் கலப்பையால் கூலி இழந்தவர்களையும் நினைக்க வேண்டும். கால்வாயும் ரயில் பாதையும் போட்ட காலத்தில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் மண்வெட்டி பிடித்தவர்களில் பிழைப்புத் தேடி வந்த அயர்லாந்துக்காரர்களும் பலர். நம் நாட்டில் 2005-இல் ஊரக வேலை உறுதிச் சட்டம் வந்தபோது, கூடுமானவரை ஆட்களை வைத்தே வேலை நடக்க வேண்டும், ஆட்களின் இடத்தைப் பிடிக்கும் இயந்திரம் கூடாது என்று விதி வைத்தார்கள். வரப்பும் வாய்க்காலும் நீர்சேமிப்புப் பள்ளமும் மண்வெட்டியால் வெட்டப்பட்டது அதனால்தான். டிராக்டர் அரை மணியில் செய்யுமே என்று கேலி பேசியவர்கள் உண்டு. அங்கே நோக்கம் பள்ளம் மட்டும் அல்ல, அடுப்பு எரிவதும்தான். கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் எதற்காக இந்த வேலை என்று கேட்க வேண்டும். மண்ணை எதற்கு வெளியே எடுக்க வேண்டும் என்று கார்னெல் கேட்டது போல.

கார்னெலின் கீறல் கலப்பை பிறகு என்ன ஆனது? யோசனை சாகவில்லை. 1840-களில் மலாய் நாட்டு மரப்பாலான குட்டா பெர்ச்சா ஐரோப்பாவுக்குப் போனது. தண்ணீர் புகாத நல்ல உறை அதில் கிடைத்தது. 1851-இல் ஆங்கிலக் கால்வாயின் அடியில் தந்தி வடம் போட்டார்கள். அதே ஆண்டு நம் நாட்டில் வில்லியம் ஓஷானசி கல்கத்தாவிலிருந்து டயமண்ட் ஹார்பருக்குத் தந்தி அமைத்தார். இருபதாம் நூற்றாண்டில் நல்ல உறையும் பலமான டிராக்டரும் சேர்ந்து வந்தபோது, மண்ணைக் கீறி வடத்தை இறக்கி மூடிக்கொண்டே போகும் கலப்பைகள் தொலைபேசித் துறையில் சர்வசாதாரணம் ஆயின. இன்று கண்ணாடி இழை வடங்களையும் பல நாடுகளில் அப்படித்தான் பதிக்கிறார்கள். ஆழம் குறைந்த கடலிலும் கப்பல் ஒரு கலப்பையை இழுத்துச் சென்று, நங்கூரமும் இழுவலையும் அறுத்துவிடாதபடி வடத்தைக் கடலடி மண்ணுக்குள் புதைக்கிறது. கார்னெல் வரைந்து காட்டிய அதே தத்துவம். நம் நாட்டில் தந்திச் சேவை 2013 ஜூலையில் முடிந்துவிட்டது. கலப்பை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கார்னெல் சம்பளத்துக்குப் பதிலாகத் தந்தி நிறுவனப் பங்குகளை வாங்கிக்கொண்டே பல ஆண்டுகள் வறுமையில் தள்ளினார். பிறகு அந்தப் பங்குகள் வெஸ்டர்ன் யூனியன் நிறுவனத்தில் சேர்ந்து அவரைச் செல்வராக்கின. 1865-இல் ஐந்து லட்சம் டாலரும் தன் பண்ணை நிலமும் கொடுத்து, ஆண்ட்ரூ டிக்சன் வைட்டோடு சேர்ந்து இத்தாக்காவில் ஒரு பல்கலைக்கழகம் தொடங்கினார். எவரும் வந்து எதையும் படிக்க முடிய வேண்டும் என்பது அவர் விருப்பம். கிரேக்க, லத்தீன் இலக்கியத்தோடு வேளாண்மையும் இயந்திரத் தொழிலும் ஒரே வளாகத்தில் சம மதிப்போடு கற்பிக்கப்பட்டன. அதுதான் இன்றைய கார்னெல் பல்கலைக்கழகம்.

இதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. 1862-ஆம் ஆண்டு மோரில் சட்டப்படி நியூயார்க் மாநிலத்துக்குக் கிடைத்த சுமார் 9,90,000 ஏக்கர் நிலத்தின் வருவாய் இந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனது. அந்த நிலங்கள் அமெரிக்கப் பூர்வகுடிகளிடமிருந்து எடுக்கப்பட்டவை. இன்று அந்தப் பல்கலைக்கழகத்திலேயே இதைப் பற்றிய விவாதம் நடக்கிறது. வரலாறு என்றால் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

என் மனதில் நிற்பது ஒன்றுதான். புதைத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. குடிநீர்க் குழாயோ, கழிவுநீர்க் குழாயோ, மின் வடமோ, மேலே மண்ணை மூடிச் சாலையும் போட்டுவிட்டால் அடியில் என்ன கிடக்கிறது என்பது கெட்டுப்போகும் நாள் வரை யாருக்கும் தெரியாது. பிறகு மறுபடி தோண்டுவோம், மறுபடி பணம் போகும். பள்ளம் எடுப்பது இன்று எளிது. புதைக்கும் முன் ஒவ்வொரு துண்டையும் சோதித்துப் பார்ப்பதுதான் இன்றும் கடினமான வேலை. அதற்குத்தான் நேரமும் பணமும் ஒதுக்க வேண்டும். 1843-இல் பத்து மைல் ஈயக் குழாய் சொல்லிக் கொடுத்த பாடம் அது.

பள்ளம் எடுக்கும் கலப்பைக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறும். உங்கள் பக்கம் என்ன சொல்வார்கள், எந்த வேலைக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று கீழே எழுதுங்கள். இளைய நண்பர்களுக்குப் பயன்படும்.